காஹாங்குக்கு வரும் இளம் ஆங்கில ஆசிரியர்களுக்கு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையில், செம்பனைக்கு நடுவே இருக்கும் சின்னப் பட்டணம் காஹாங். எண்டாவ் ரொம்பின் காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே பெட்ரோல் போட்டு, ஒரு தே தாரிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உங்களால் அப்படிக் கிளம்ப முடியாது. போஸ்டிங் கடிதம் கையில் இருக்கிறது.

வகுப்பில் யார் இருப்பார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபெல்டா குடியிருப்பிலிருந்து மலாய்ப் பிள்ளைகள். பட்டணத்துக் கடைக்காரர் வீட்டுச் சீனப் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு வரும் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களில் சிலர் மலாய் தேறாமல் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு வந்திருப்பார்கள். எப்போதாவது, விடுதியில் தங்கிப் படிக்கும் ஜாகூன் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர். யார் வீட்டிலும் ஆங்கிலம் பேச மாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி.

நான் பால்மரம் சீவியவர் மகன். முப்பத்தோரு வருடம் இந்த வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். யாரும் கேட்காமலே அறிவுரை சொல்லும் வயது வந்துவிட்டது. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பதில் எழுதியதை வாசித்ததாக எண்ணிவிடாதீர்கள்

இந்த வரியைப் படியுங்கள்: "துமன் நேற்று மாலை ஒரு பெரிய கொலிப்பை லாத்தினான்."

கேள்வி: துமன் எதை லாத்தினான்? பதில்: ஒரு பெரிய கொலிப்பை. எப்போது லாத்தினான்? நேற்று மாலை. முழு மதிப்பெண். கொலிப்பு என்றால் என்ன? எனக்கும் தெரியாது, இப்போதுதான் நானே உண்டாக்கினேன்.

நம் பிள்ளைகள் கருத்துணர்தல் பகுதியை இப்படித்தான் செய்கிறார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடுவார்கள். அது கிடைத்ததும் அந்த வரியை அப்படியே தூக்கி விடைத்தாளில் வைப்பார்கள். கெட்டிக்காரத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாசிப்பு அதில் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. வாரம் ஒரு பத்தி, பத்துக் கேள்வி என்று தாள் அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தாள் பற்றாமல் போனதால், "சரி, தாளை மூடுங்கள், கதையை உங்கள் மொழியில் சொல்லுங்கள்" என்றேன். எட்டுக்கு மேல் வாங்கிய பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கதையில் ஒருவர் செத்துப்போயிருந்தார். அது பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

டோலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களின் கடைசியில் வகுப்பறைகளில் போய் உட்கார்ந்து, ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று நிமிடக் கணக்கில் குறித்தார். புரிந்து வாசிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கச் செலவான நேரம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கேள்வி கேட்பதிலும் பயிற்சித்தாளிலும்தான் நிறைய நேரம் போயிருந்தது. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள ஊரில் அந்தக் கதி. அன்று என் வகுப்பில் அவர் வந்து உட்கார்ந்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பார்.

அதனால், எந்தப் பத்தியானாலும் கேள்விக்குப் போகும்முன் தாளை மூடச் சொல்லி, கதையைக் கேளுங்கள். தமிழில் சொல்லட்டும், மலாயில் சொல்லட்டும். ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே என்று யாராவது முறைத்தால், பேச்சுப் பயிற்சிக்கு அந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள். புரிந்ததா இல்லையா என்று பார்க்க, அவனுக்கு நன்றாக வரும் மொழியில் கேட்பதுதான் நியாயம்.

2. மலாய்க் கண் வழியாகத்தான் ஆங்கிலத்தைப் பார்க்கிறார்கள்

2015இல் புகைமூட்டம் நாட்டையே மூடியிருந்த சமயம். காலத்துக்கு ஏற்ற பத்தி என்று காற்றுத் தூய்மைக்கேடு பற்றி ஒன்றைக் கொடுத்தேன். இரண்டாம் படிவத்துப் பையன் ஒருவன் ஒரு பக்கம் நிறைய ஆறு கெட்டுப்போவதைப் பற்றி எழுதி வைத்திருந்தான். கூப்பிட்டு விசாரித்தேன். தலைப்பைக் காட்டினான். ஆங்கிலத்தில் 'ஏர்' என்று நாம் வாசிக்கும் அந்த மூன்று எழுத்து மலாயில் 'ஆயேர்', அதாவது தண்ணீர். பத்தியில் தொழிற்சாலை வருகிறது, நஞ்சு வருகிறது, மக்கள் நோய்ப்படுகிறார்கள். ஆற்றுக்கும் எல்லாம் பொருந்திவிட்டது. அவன் முட்டாள் இல்லை. தவறான சாவியால் ஒரு பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

இன்னொன்று, கருத்துணர்தல் தாளிலேயே அடிக்கடி வரும் 'மெயின் ஐடியா'. மலாயில் அந்த எழுத்துகள் 'மாயின்', விளையாட்டு. விளையாட்டு யோசனை எது என்று ஒரு பெண் பத்தி முழுக்கத் தேடியிருக்கிறாள். இப்படிப்பட்ட சொற்களை ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்தப் பயிற்சிக் கழகத்திலும் இந்தப் பட்டியல் கிடைக்காது.

ஆனால் மலாயைக் குறை சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அதுதான் உங்களுக்குப் பாலம். தமிழில் 'நேற்று வந்த ஆள்' என்கிறோம். விளக்கம் முன்னே, ஆள் பின்னே. ஆங்கிலத்தில் ஆள் முன்னே வந்துவிடுவார், அவரைப் பற்றிய விளக்கம் 'ஹூ' போட்டுப் பின்னால் வரும். தமிழ்ப் பிள்ளை இந்த இடத்தில்தான் வாக்கியத்தைத் தொலைக்கிறான். மலாயிலோ 'ஓராங் யாங் டாத்தாங்'. ஆள் முன்னே, விளக்கம் பின்னே, ஆங்கிலத்தின் அதே வரிசை. "ஹூ, விச், தாட் வரும் இடத்தில் 'யாங்' போட்டு வாசித்துப் பார்" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அரை மணி இலக்கணப் பாடம் செய்யாததை அது செய்யும். மூன்று மொழியும் தெரிந்த ஆசிரியருக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது.

3. தெரியாத சொல்லை எண்ணிவிட்டுப் பத்தியைக் கொடுங்கள்

2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். யார் துணையும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து வாசிக்க வேண்டுமானால், அதில் உள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதாவது நூறு சொல்லுக்குத் தெரியாதவை இரண்டுதான் இருக்கலாம். நம் பாடநூல் பத்தியை எடுத்து, ஒரு நடுத்தர மாணவனைத் தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போடச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்ததில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது கோடு. அதற்கு மேல் எந்த வாசிப்பு உத்தியும் வேலை செய்யாது. அது அகராதியோடு மல்லுக்கட்டுவதுதான்.

இந்தப் பிரச்சினையை முதலில் நேருக்கு நேர் பார்த்தவர்களில் ஒருவர் மைக்கேல் வெஸ்ட். 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளப் பையன்களுக்கு முதலில் தேவை வாசிப்புத்தான் என்று வாதாடி, குறைந்த சொற்களில் கதைகளைத் திருப்பி எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள். இன்றைக்கும் எளிய ஆங்கிலக் கதைப்புத்தகங்களுக்கு அந்த வழிதான். நீங்களும் பத்தியைத் திருப்பி எழுதத் தயங்காதீர்கள். நான்காம் படிவத்துப் பிள்ளைக்கு இரண்டாம் படிவத்துப் பத்தியைக் கொடுப்பது பாவமில்லை. தலைப்பில் 'படிவம் 2' என்று இருப்பதை மட்டும் அழித்துவிடுங்கள், மானம் போகும்.

4. அவர்களுக்குத் தெரிந்த உலகத்திலிருந்து ஆரம்பியுங்கள்

1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 அமெரிக்க மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கக்கூடிய, ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

இதை நம்ப மாட்டேன் என்றால் ஜெ.டி.டி. ஆட்டம் முடிந்த மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வகுப்புக்கு எடுத்துப்போங்கள். 2014 முதல் வருடா வருடம் லீக் கோப்பையை விட்டுக்கொடுக்காத ஜொகூர் குழு அது. கடைசி வரிசையில் மேசைமேல் தலை வைத்திருப்பவன் எழுந்து, மூன்றாவது பத்தியில் தப்பு இருக்கிறது, அந்தக் கோலுக்குப் பந்து கொடுத்தது வேறு ஆள் என்பான்.

பாடநூலைப் பற்றி எனக்கொரு மனக்குறை உண்டு. 2017இல் சி.இ.எஃப்.ஆர். தரத்துக்கு மாறியபோது வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்கள் வந்தன. நல்ல தாள், நல்ல படம். பிள்ளைகளுக்கு வேண்டிய உலகமும் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பனிச்சறுக்கு பற்றி வாசிக்கும்முன் பனி என்றால் என்ன, சறுக்கினால் என்ன ஆகும் என்று பேசாமல் பத்தியைத் திறந்தால், காஹாங் பிள்ளை கொலிப்பை லாத்த ஆரம்பித்துவிடுவான். பத்து நிமிடம் பேசிவிட்டுத் திறங்கள்.

மழைக்காடு பற்றி ஒரு பாடம் எடுத்தேன். காட்டில் யானை எப்படித் தடம் விடும் என்று பத்தி சொல்கிறது. மூன்று மாதமாக வாயே திறக்காத ஜாகூன் பையன் ஒருவன் கரும்பலகைக்கு வந்து, புதிய தடத்துக்கும் பழைய தடத்துக்கும் வித்தியாசத்தைப் படம் போட்டுக் காட்டினான். அன்று வகுப்பிலேயே அந்தப் பத்தியை முழுதாகப் புரிந்துகொண்டவன் அவன்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கே.எஸ். மணியம் எழுதியதை அறிமுகப்படுத்துங்கள். கெடாவின் பீடோங்கில் பிறந்து, நம் மக்கள் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியவர். 'தி ரிட்டர்ன்' நாவல் 1981இல் வந்தது. முழுதாக வேண்டாம், கடினம். ஒரு பக்கத்தை எடுத்து நீங்களே எளிமையாக்குங்கள். தன் தாத்தாவைப் போன்ற ஒருவர் ஆங்கிலப் புத்தகத்துக்குள் இருக்கிறார் என்று தெரியும்போது ஒரு பிள்ளையின் முகம் எப்படி ஆகிறது என்று பாருங்கள்.

5. பெரிய சொல்லை விடுங்கள், சின்னச் சொல்லைப் பிடியுங்கள்

ஆசிரியர்கள் பத்தியில் உள்ள நீளமான சொல்லுக்கெல்லாம் அர்த்தம் எழுதிப் போடுவார்கள். பிள்ளை விழுவதோ சின்னச் சொல்லில். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்பதை "அவன் கஷ்டப்பட்டு உழைக்கிறான்" என்று எழுதாத வகுப்பை நான் பார்த்ததில்லை. சோம்பேறி உழைப்பாளி ஆகிவிட்டான். மீதிக் கதை எப்படிப் புரியும்?

'ஆல்தோ', 'அன்லெஸ்' இரண்டும் அப்படித்தான். தமிழில் 'மழை பெய்தாலும்' என்று வினையின் வாலில் ஒட்டிவரும் அர்த்தத்தை, ஆங்கிலம் வாக்கியத்தின் வாசலிலேயே தனிச்சொல்லாக வைக்கிறது. நம் பிள்ளை வாசலைக் கவனிக்காமல் தாண்டி உள்ளே போய்விடுகிறான். 'ஆல்தோ' பார்த்ததும் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் '-ஆலும்' என்று எழுதச் சொல்லுங்கள்.

'இட்', 'தே' வந்தால் அது யாரை, எதைக் குறிக்கிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். 'தே' மனிதருக்கும் வரும், மாட்டுக்கும் வரும். மலாயில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'டியா' ஒன்றே என்பதால் மலாய்ப் பிள்ளைகளுக்கு 'ஹி', 'ஷி' குழப்பம் வேறு.

6. நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்று காட்டுங்கள்

மண்வெட்டி பிடிப்பதைப் பார்த்துக் கற்கலாம். வாசிப்பு தலைக்குள் நடப்பதால் பிள்ளைக்குத் தெரியாது. அதனால் வாய்விட்டு யோசியுங்கள். நான் வெள்ளம் பற்றி ஒரு பத்தி வைத்திருந்தேன். 2006 டிசம்பர் வெள்ளம் ஜொகூரையே புரட்டிப் போட்டது அல்லவா, அதை நினைத்து எழுதியது. அதில் ஒரு வரி: படகு வந்து சேர்வதற்குள் வீட்டில் அரிசி மிதந்துகொண்டிருந்தது.

அந்த வரியில் நிறுத்தி, சத்தமாக யோசித்தேன். "அரிசி மிதக்கிறதா? அப்படியென்றால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. வாசலில் இல்லை, அடுப்படிவரை. படகு 'வந்து சேர்வதற்குள்' என்றால் தாமதமாக வந்திருக்கிறது. ஏன் தாமதம்? எழுத்தாளர் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வரியில் பார்ப்போம்..."

பின்னாலிருந்து ஒரு பெண்: "சார், அரிசி மிதக்காது சார். முங்கிடும். எங்க வீட்டுல பாத்திருக்கேன். அரிசி டின்தான் மிதக்கும்."

அந்த வரியை எழுதியவன் நான். அவள் சொன்னது சரி. எழுதியிருப்பதைத் தன் அனுபவத்தோடு உரசிப் பார்த்து, "இது சரியில்லையே" என்று சொல்லும் இடத்துக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டால், கருத்துணர்தலில் அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க அதிகமில்லை. வரியைக் கரும்பலகையில் அவள் சொன்னபடி திருத்தினேன்.

7. பிறகு பிடியை விடுங்கள்

பாலின்சர், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 1984இல் எழுதியதிலிருந்து பிறந்த முறை ஒன்று உண்டு. நான்கு பேர் ஒரு குழு. ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் புரியாத இடத்தை எடுத்துச் சொல்வார், ஒருவர் சுருக்கிச் சொல்வார். அடுத்த பத்திக்கு வேலை மாறும். பயிற்சிக் கழகத்தில் இதைப் படித்திருப்பீர்கள். வகுப்பில் முதல் மூன்று வாரம் சந்தைக்கடைதான். நான்காவது வாரம்வரை பொறுத்திருங்கள். நாற்பது பேர் இருந்தால் பத்துக் குழுவையும் உங்களால் பார்க்க முடியாது. மூன்றை மட்டும் பாருங்கள், மற்றவை நாளைக்கு.

8. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு முதலாம் படிவத்திலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்தே ஆறு வருடத்தை ஓட்டியிருப்பார்கள். கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், மொழி புரிதல் ஒரு பக்கம். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். இந்தப் பிள்ளைக்கு ஊகிக்கச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. முதல் மாதத்திலேயே ஒவ்வொருவரையும் தனியாக உங்கள் மேசைக்கு அழைத்து, ஐந்து வரி வாசிக்கக் கேளுங்கள். தனியாக. நாற்பது பேர் நடுவே எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். என்னை ஒரு வாத்தியார் அப்படி நிறுத்தி வைத்தார். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் மறக்கவில்லை.

9. தேர்வைப் பற்றி, சுருக்கமாக

2021 எஸ்.பி.எம். முதல் ஆங்கிலம் புதிய வடிவில் வருகிறது. முதல் தாள் வாசிப்பு: ஒன்றரை மணி, ஐந்து பகுதி, 40 கேள்வி. நான்காம் பகுதியில் பத்தியிலிருந்து வாக்கியங்களை உருவி எடுத்திருப்பார்கள். எது எங்கே போகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். வரியைத் தூக்கி வைக்கும் வித்தை அங்கே செல்லாது. 'இட்', 'தே', 'ஹவெவர்' தெரிந்த பிள்ளை தப்பிக்கும். மாதிரித் தாள் ஐந்தாம் படிவத்தில் போதும். 2021இல் யு.பி.எஸ்.ஆர். போனது, 2022இல் பி.டி.3 போனது. முதல் மூன்று படிவத்தில் கிடைத்திருக்கும் அந்த இடத்தை எஸ்.பி.எம். மாதிரித் தாளால் அடைத்துவிடாதீர்கள்.

10. கடைசியில் எல்லாம் புத்தகத்தில் வந்து நிற்கும்

1980களின் தொடக்கத்தில் எல்லி, மங்குபாய் என்ற ஆய்வாளர்கள் ஃபிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். அங்கேயும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் சந்ததி உண்டு. ஆங்கிலம் அவர்களுக்கும் வீட்டு மொழியல்ல. நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப்புத்தகம் கொடுத்தார்கள். பாடப் பயிற்சி மட்டும் செய்த பிள்ளைகளைவிட, இந்தப் பிள்ளைகள் வாசிப்பில் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். நான் மேலே சொன்ன ஒன்பதையும் ஒரு தட்டிலும் இந்த 250 புத்தகத்தை மறு தட்டிலும் வைத்தால், எது கனக்கும் என்று எனக்குச் சந்தேகமில்லை.

நிலாம் வாசிப்புப் பதிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்து எழுதியே நூறு புத்தகம் 'வாசித்த' பிள்ளைகளை எனக்குத் தெரியும். பதிவை நிரப்பச் சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்ல முடியாது. ஆனால் வாரத்தில் ஒரு பாட வேளை, கேள்வி இல்லை, தாள் இல்லை, சும்மா வாசிக்க விடுங்கள். நீங்களும் மேசையில் ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள். அந்த நேரத்தில் நோட்டுத் திருத்தாதீர்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புத்தகத்துக்கு எங்கே போவது? என் வீட்டில் நான்கு பெட்டி இருக்கிறது. எளிய ஆங்கிலக் கதைகள், பழைய என்.ஐ.இ. பத்திரிகை இணைப்புகள், நான் திருப்பி எழுதிய பத்திகள். சிலவற்றின் ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது, எழுத்தைத் தொடவில்லை. வேனோ காரோ எடுத்துக்கொண்டு அக்டோபருக்குள் வந்து ஏற்றிப்போங்கள். நவம்பர் பிறந்தால் மழை வந்துவிடும். எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது.